செருப்புக்குள் ஒரு மெத்தை: செய்தது யார், போட்டது யார்?



தி.நகர் பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடைக்குள் போய்ப் பாருங்கள். "அழுத்திப் பாருங்க சார், எப்படி உள்ள போயிட்டுத் திரும்பி வருது பாருங்க" என்று கடைப் பையன் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டுவார். மெமரி ஃபோம், ஈ.வி.ஏ., பி.யூ., ஜெல் என்று பல பெயர்கள் சொல்வார். எல்லாம் ஒன்றுதான்: பாதத்துக்கு அடியில் ஒரு மெத்தை. கடையை விட்டு வெளியே வந்தால், நடைபாதையில் ஒரு பெரியவர் சாக்கை விரித்து உட்கார்ந்து, அதே மாதிரி ஒரு செருப்பின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருப்பார். அவர் காலில் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

இந்த மெத்தைக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான பக்கங்கள் நம் பக்கத்திலேயே, குரோம்பேட்டையிலும் அடையாறிலும் வேலூரிலும் எழுதப்பட்டவை. அதை வெறும் ரப்பர் வரலாறாகப் படித்தால் பாதிதான் புரியும். யார் செருப்பைச் செய்தார்கள், யார் அதைப் போடக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெறுங்கால் தானாக வந்ததல்ல

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. அந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பது: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது. தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடப்பது என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். செருப்பு மறுக்கப்பட்டபோது அழகு மட்டும் மறுக்கப்படவில்லை. வேகமாக நடப்பதும், தூரம் போவதும், முள்ளுக்குப் பயப்படாமல் நிமிர்ந்து நடப்பதும் மறுக்கப்பட்டன. தலையைக் குனிந்து தரையைப் பார்த்து நடக்க வைப்பதற்கு வெறுங்காலைவிட நல்ல கருவி கிடையாது.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான், 1924இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலைகளையும் தெருக்களையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தார். தெருவில் நடக்கும் உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. அந்தத் தெருவில் செருப்போடு நடக்கும் உரிமைக்கு இன்னும் போராட வேண்டியிருந்தது.

கவனியுங்கள்: தோலை உரித்தவர்கள், பதனிட்டவர்கள், தைத்தவர்கள் பெரும்பாலும் நம் மக்களே. அருந்ததியர் கையால் தைத்த செருப்பு ஊர்த்தெருவுக்குள் காலோடு போகும். தைத்தவர் போகும்போது அதைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். "செருப்பால அடிப்பேன்" என்பது நம் மொழியில் ஏன் இவ்வளவு பெரிய வசையாக இருக்கிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. செருப்பில் இருக்கும் தூசு அவமானமாகவில்லை. அதைச் செய்த கையின்மேல் ஏற்றப்பட்ட தீட்டே அவமானமானது.

குரோம்பேட்டை என்ற பெயர்

குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் தினமும் இறங்குகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்? சென்னை மாகாணத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டையே பெரிதும் பயன்பட்டது. வாரக்கணக்கில் குழியில் ஊற வைக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை கலைப் பள்ளியில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்தார். வாரங்கள் நாட்களாகக் குறைந்தன. அந்தத் தோல் தண்ணீரில் எளிதில் அழுகாது என்பதால் கவலை இறைக்கும் தோல் சாலுக்கும் பயன்பட்டது, செருப்புக்கும் பூட்ஸுக்கும் பயன்பட்டது. 1912இல் பல்லாவரம் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி தொடங்கப்பட்டது. ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்தது.

அன்று என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் குழியில் கை நனைத்தபோது அது இழிதொழில். ஆலை வந்து லாபம் வந்தபோது அது இண்டஸ்ட்ரி. குழியில் நின்றவர்கள் மாறவில்லை. கல்லாவில் உட்கார்ந்தவர்கள் புதிதாக வந்தார்கள்.

அடையாறில் ஒரு ஆய்வுக்கூடம்

நாடு விடுதலை பெற்ற அடுத்த ஆண்டே, 1948 ஏப்ரல் 24 அன்று, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்னையில் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அடையாறு சர்தார் படேல் சாலையில் மரங்களுக்கு நடுவே இருக்கும் சி.எல்.ஆர்.ஐ. அதுதான். அதன் புகழ்பெற்ற இயக்குநர் ஒய். நாயுடம்மா, கிராமப்புறத் தோல் தொழிலாளியிடம் அறிவியல் போய்ச் சேர வேண்டும் என்று பேசியவர். 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் அவர் இறந்தார்.

அந்தச் சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தோலைப் படிக்கும் ஆய்வுக்கூடம். சற்றுத் தள்ளி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம். 2023 டிசம்பர் 1 அன்று திறக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதரின் மணிமண்டபமும் அங்கேயே இருக்கிறது. அதையும் தாண்டிப் போனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக். தோல் தொழில்நுட்பம் பட்டப்படிப்பானது இந்த வட்டாரத்தில்தான். நம் பாட்டன்மார்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய அதே அறிவு, இங்கே நுழைவுத் தேர்வு எழுதி வாங்க வேண்டிய பட்டமாயிற்று.

மரத்துப்போன கால் சொல்லிக்கொடுத்த பாடம்

இப்போது மெத்தைக்கு வருவோம். அதற்கு அடையாறிலிருந்து வேலூருக்குப் போக வேண்டும்.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, கை மடங்கிப்போன நோயாளிகளைப் பார்த்தார். கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியவர் பிறகு கால்களைக் கவனித்தார். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் உள்ளங்கால் புண் ஆறவே ஆறாது. "நோய் சதையைத் தின்கிறது" என்பதே அன்றைய நம்பிக்கை.

அவரும் அவருடைய குழுவினரும் கண்டது வேறு. சதை கெட்டுப்போகவில்லை. நரம்பு செத்ததால் கால் மரத்துப்போகிறது. நமக்குக் கால் வலித்தால் நம்மை அறியாமலே நொண்டுவோம், எடையை மாற்றுவோம், உட்காருவோம். வலி தெரியாதவர் அதே இடத்தில் அதே அழுத்தத்தோடு ஆயிரக்கணக்கான அடிகள் வைத்துக்கொண்டே போகிறார். புண் அங்கேதான் வருகிறது. அப்படியென்றால் மருந்தோடு செருப்பும் சிகிச்சையாகிறது.

சேற்றில் பலகை போட்டு நடப்போமே, அதே கணக்குதான். எடை குறையாது, ஆனால் பரவலாக இறங்கும். பாதத்தின் முன்பக்க எலும்பு முனைகளில் குவியும் எடையை உள்ளங்கால் முழுவதும் பகிர்ந்துகொடுக்க வேண்டும். தோல் கடினமானது, வியர்வையில் நனைந்து காய்ந்தால் விறைத்துப்போகும். பஞ்சு அமுங்கினால் அமுங்கியதுதான். அப்படித் தேடித் தேடி நிலைபெற்றதுதான் மைக்ரோ செல்லுலார் ரப்பர், நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சொல்லும் எம்.சி.ஆர். ரப்பரை வேக வைக்கும்போதே உள்ளே வாயு உண்டாகும்படி செய்தால், கண்ணுக்குத் தெரியாத மூடிய காற்றறைகள் லட்சக்கணக்கில் உருவாகும். அறைகள் மூடியவை என்பதால் வியர்வையை உறிஞ்சாது. அமுங்கும், திரும்பி எழும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15 டிகிரி இருப்பது மரத்த கால்களுக்கு ஏற்றது என்று நிலைபெற்றது.

மெத்தை மட்டும் போதாது. கீழே முள் ஏறாத கடினமான அடிப்பாகம் வேண்டும். ஆணி அடிக்கவே கூடாது. ஆணி மேலே வந்து குத்தினாலும் போட்டவருக்குத் தெரியாது. விரலால் செருப்பைப் பிடித்துக்கொள்ள முடியாதவர்களுக்குக் குதிகாலில் வார் வேண்டும். இதையெல்லாம் மருத்துவர் மட்டும் செய்துவிட முடியாது. ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்து, வெட்டி, ஒட்டி, தைத்துத் தரும் கை வேண்டும். வேலூர் அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் செருப்புப் பட்டறை மருத்துவமனையின் ஓர் உறுப்பாகவே இருந்தது. ஊரில் தீட்டாக இருந்த தொழில் அங்கே சிகிச்சையாக மதிக்கப்பட்டது.

பிராண்ட் 1960களின் நடுவில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இங்கே கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்த கால்களுக்கும் பயன்பட்டது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் மெத்தென்ற செருப்பின் அறிவில், வடார்க்காட்டு ஏழைத் தொழுநோயாளிகளின் பாதங்கள் இருக்கின்றன.

காட்டிக்கொடுக்கும் செருப்பு

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். கறுப்பு ரப்பர், பின்னால் வார், தடித்த அடி. "அந்த நோய்க்காரர்" என்று செருப்பே காட்டிக்கொடுத்தது. அதனால் பலர் அதை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலில் போனார்கள், புண்ணோடு திரும்பினார்கள். பிறகுதான் மற்றவர்கள் போடுவது போலவே தோற்றமளிக்கும் வடிவங்களைச் செய்யத் தொடங்கினார்கள்.

நமக்கு இது புதிதா? ஒருவருக்குச் செருப்பு போடாததே அடையாளம், இன்னொருவருக்குப் போட்ட செருப்பே அடையாளம். செருப்புக்காகக் காலை வெட்டும் சமூகம் இது. சுகம் தரும் பொருளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும் துணிவையும் சமூகம் தர வேண்டும் என்பதே இந்தக் கதையின் பாடம்.

ஹவாய் செருப்பு முதல் மெமரி ஃபோம் வரை

நம் வீடுகளில் பலருக்கு முதல் செருப்பு ரப்பர் ஹவாய்தான். அதுவும் காற்றறை ரப்பரின் உறவுதான், கொஞ்சம் கடினமானது. யாரிடமும் அளவு கொடுக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம், கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒரு விடுதலை இருந்தது. அதே ஹவாய் செருப்பும் டயர் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தவரின் வயிற்றில் அடித்தது. இரண்டும் உண்மை.

இப்போதைய ஈ.வி.ஏ. லேசானது, ஆனால் நாள்பட்டால் அமுங்கித் தட்டையாகிவிடும். பி.யூ. மெத்தென்று இருக்கும், ஆனால் சென்னையின் ஈரக் காற்றில் சிதையும். பீரோவில் பத்திரமாக வைத்த ஷூவின் அடி மாவாக உதிர்வது அதனால்தான். ஒட்டியதைத் தைக்க முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். மயிலாப்பூர் குளத்தோரம் செருப்புத் தைப்பவரைக் கேளுங்கள், எந்த அடி எத்தனை மாதம் தாங்கும் என்று விரலால் அமுக்கியே சொல்லிவிடுவார். அந்த அறிவுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 3(1)(இசட்.ஏ.), பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் இதை எழுத வேண்டியிருந்தது என்பதை மறக்காதீர்கள். புகார் எழுதும்போது இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் பகுதியில் தொழுநோயால் கால் மரத்தவர் இருந்தால், அரசுத் திட்டத்தில் எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு ஜோடி. அது தர்மம் அல்ல, உரிமை. உங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளரின் காலைப் பாருங்கள். பூட்ஸ் கொடுத்தோம் என்று கணக்கு இருக்கலாம். அது அவர் காலுக்கு அளவா, எட்டு மணி நேரம் நிற்கத் தாங்குமா என்று கேளுங்கள். செருப்புத் தைக்கும் பெரியவர்களின் அறிவைப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. "உங்களுக்குத்தான் இந்தத் தொழில் தெரியுமே, இதிலேயே பயிற்சி எடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அண்ணல் 1936இலேயே விளக்கிவிட்டார். விரும்பினால் தோல் தொழில்நுட்பம் படியுங்கள், ஆய்வுக்கூடத்துக்குள் போங்கள், ஆலை தொடங்குங்கள். விரும்பாவிட்டால் வானியல் படியுங்கள். எதைப் படித்தாலும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். அந்த மெத்தைக்கு உங்கள் முன்னோர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்கள்.

ஜெய் பீம்.