சி.டி. ஸ்கேன்

எக்ஸ் கதிர்களைக் கொண்டு உடலின் உட்பகுதிகளைக் குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் சோதனை. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. இதை உருவாக்கியதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

நோயாளி அறிய வேண்டியவை: கர்ப்பம், ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ முன்பே சொல்ல வேண்டும். படமெடுக்கும் பகுதியிலுள்ள நகைகளைக் கழற்ற வேண்டும். நோயாளி படுத்திருக்கும் மேசை, வளையம் போன்ற கருவிக்குள் நகரும். சொல்லும்போது மூச்சை அடக்கி அசையாதிருக்க வேண்டும், வலி இராது. இரத்தக் குழாயில் சாயமருந்து ஏற்றினால் உடலில் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தோன்றும். இவை விரைவில் அடங்கும். அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே ஊழியரிடம் தெரிவிக்க வேண்டும்.