கிளிப் இல்லாத பெடலும் சேராத ஷூவும்

சனிக்கிழமை காலை இங்கே மெல்பர்ன் பீச் ரோட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சைக்கிள்காரர்கள் காப்பிக்கடை வாசலில் குதிரை லாடம் கட்டிய மாதிரி டக் டக் என்று நடந்து வருவார்கள். ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் என்ற கட்டையின் சத்தம் அது. அந்தக் கட்டை பெடலில் போய்ப் பூட்டிக்கொள்ளும். நம்ம வீட்டுப் பிள்ளைகளும் இப்போது இதைக் கேட்கிறார்கள். கடைக்குப் போனால் அப்பா அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. இந்த ஷூ அந்தப் பெடலில் சேராது, அந்தக் கட்டை இந்த ஷூவில் மாட்டாது! ஏன் இப்படி? பதில் கொஞ்சம் பழைய கதையில் இருக்கிறது.

முதலில் நம்ம ஊர் சைக்கிள். பாறசாலைப் பக்கத்தில் சைக்கிளை 'ஓட்டுவது' கிடையாது, 'சவுட்டுவது' தான். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலமே வேறு, ஆபீஸ் பாஷையும் வேறு. ஆனால் சைக்கிளுக்கு எல்லை இல்லை. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆகட்டும், லூதியானாவின் ஹீரோ ஆகட்டும், பெடல் போனால் எல்லைக்கு எந்தப் பக்கக் கடையில் வாங்கினாலும் மாட்டும். காரணம் மரையின் அளவு. விட்டம் அங்குலத்தில் 16-ல் 9 பங்கு, அங்குலத்துக்கு 20 மரை. இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம். இங்கிலாந்து சைக்கிள்களோடு நம்மிடம் வந்த இந்த அளவு இன்று எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பீச் ரோட்டில் போகும் விலை உயர்ந்த சைக்கிள்களிலும் இதே மரைதான்!

ஆக, பெடல் சைக்கிளோடு சேரும் இடத்தில் சண்டை இல்லை. சண்டை எல்லாம் பெடல் காலோடு சேரும் இடத்தில்தான்.

பந்தயக்காரர்கள் முன்பு பெடலில் ஒரு இரும்புக் கூண்டு வைத்து, வாரால் காலை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கூண்டின் பெயர் டோ கிளிப். அது இல்லாமலே பூட்டுகிற பெடல் என்பதால் கிளிப்லெஸ் என்று பெயர் வந்தது. யோசனை பழையது. அமெரிக்காவில் சார்லஸ் ஹான்சன் 1895-லேயே இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1971-ல் இத்தாலியின் சினெல்லி எம்71 வந்தது. அதில் காலை எடுக்க வேண்டுமென்றால் குனிந்து கையால் ஒரு நெம்பைத் தள்ள வேண்டும். விழும்போது யார் குனிவார்கள்? :-)

திருப்பம் 1984-ல். பிரான்சின் லுக் கம்பெனி பனிச்சறுக்குப் பூட்டு செய்து பழகியது. அதே வித்தையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், கால் விடுபடும். 1985-ல் பெர்னார்ட் இனோ இந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அதன் பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது.

பி.காம் படித்தவர்களுக்கு மீதிக் கதை புரியும். காப்புரிமை இருக்கும் இடத்தில் மற்றவர்கள் உரிமம் வாங்க வேண்டும், அல்லது வேறு பூட்டு செய்ய வேண்டும். டைம், ஸ்பீட்பிளே என்று ஆளுக்கொரு பூட்டு வந்தது. 1990-ல் ஜப்பானின் ஷிமானோ மலைச் சைக்கிளுக்காக எஸ்.பி.டி. கொண்டுவந்தது. சின்ன இரும்புக் கட்டை, இரண்டு போல்ட். ஷூவின் அடியில் உள்ளடங்கி இருப்பதால் நடக்கலாம். வேறு பல கம்பெனிகளும் இந்தக் கட்டைக்குப் பெடல் செய்தன. பொதுமரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது இது ஒன்றுதான்.

ரோட் சைக்கிள் ஷூவில் பெரும்பாலும் மூன்று ஓட்டை. லுக் கியோ கட்டையும் அதில் மாட்டும், ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல். கட்டையும் மாட்டும். அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்றின் கட்டை மற்றதன் பெடலுக்கு ஆகாது. லுக்கின் பழைய டெல்டா கட்டையே அவர்களுடைய கியோ பெடலில் சேராது. ஸ்பீட்பிளேக்கு நான்கு ஓட்டை. மூன்று ஓட்டை ஷூவென்றால் நடுவில் ஒரு தகடு வைக்க வேண்டும்.

நிறத்திலும் பொறி உண்டு. பூட்டிய பிறகு கால் எவ்வளவு அசையலாம் என்பதைக் கட்டையின் நிறம் சொல்லும். ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல்.-இல் சிவப்பு என்றால் 0 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. லுக் கியோவில் சிவப்பு என்றால் 9 டிகிரி, கறுப்புதான் 0. ஒரே சிவப்பு, நேர் எதிர் அர்த்தம்! வளரும் பிள்ளையின் முட்டி சம்பந்தப்பட்ட விஷயம் இது. சிக்னலில் கால் வெளியே வராமல் போனால் விழுவது ரோட்டில்.

புதிதாகப் பழகும் பிள்ளைக்கு எஸ்.பி.டி. நல்லது. அதிலும் எஸ்.எச்.56 என்ற கட்டை பல பக்கம் திருப்பினாலும் விட்டுவிடும். எதை வாங்கினாலும் பெடல் பெட்டியில் வருகிற கட்டையையே மாட்டுங்கள். காசு கொடுக்கும் முன் ஷூவைத் திருப்பிப் பிடித்து ஓட்டையை எண்ணுங்கள். அந்தப் பொதுமரை மாதிரி கட்டைக்கும் ஒரு பொது அளவு வரும் வரை இந்த எண்ணிக்கை நம் வேலைதான்.