புவி வெப்பம்: ஐயப்பட்டவர்களும் ஐயத்தை விற்றவர்களும்



2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வீட்டின் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்த குடும்பங்களில் நம்மவர்களும் இருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் பேச்சு தொடங்கியது. கால்வாய் அடைத்துக் கொண்டதுதான் காரணம் என்றார்கள் சிலர். தாழ்வான நிலத்தில் வீடு கட்டியது தவறு என்றார்கள் சிலர். புவி வெப்பமடைந்ததால் வந்த வினை என்றார்கள் வேறு சிலர். இது இயற்கை, மனிதன் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தவர்களும் உண்டு.

ஒரு வெள்ளத்திற்குப் பல காரணங்கள் இருக்கலாம். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இதை அறிவியல் சொல்கிறது. ஆனால் அந்தச் சூட்டுக்கே காரணம் யார்? மனிதனா, இயற்கையா? இந்த விவாதத்திற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

கேள்வி பிறந்த கதை

இது நேற்று முளைத்த கருத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்று மண்டலம் பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1824ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகமாகச் சூடேறியது. 1859இல் லண்டனில் ஜான் டிண்டல் இன்னும் நுட்பமான கருவிகளால் எந்தெந்த வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுகின்றன என்று அளந்து காட்டினார். 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரினியஸ், காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் பூமியின் வெப்பம் 5 முதல் 6 பாகை வரை உயரும் என்று கணக்கிட்டார்.

எண்ணிப் பாருங்கள், நம் முன்னோர் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்து இறங்கிய காலத்திலேயே இந்தக் கணக்கு போடப்பட்டுவிட்டது!

நேர்மையான ஐயம்

அரினியஸ் சொன்னதை உலகம் உடனே ஏற்றுக் கொண்டதா? இல்லை. அவர் நாட்டைச் சேர்ந்த ஆங்ஸ்ட்ராம் 1900இல் ஒரு சோதனை செய்து மறுத்தார். காற்றில் இப்போதுள்ள கரியமில வாயுவே தன்னால் இயன்ற வெப்பத்தை எல்லாம் உறிஞ்சிவிடுகிறது, இன்னும் சேர்ந்தால் வேறுபாடு இராது என்பது அவர் வாதம். கடல் இருக்கும்போது என்ன கவலை, மிகுதியை அது குடித்துவிடும் என்றும் பலர் கருதினார்கள். 1938இல் இங்கிலாந்தின் பொறியாளர் கேலண்டர், உலகின் பல பகுதிகளிலிருந்து வெப்பநிலைக் குறிப்புகளைத் திரட்டி, பூமி சூடேறி வருகிறது, காரணம் நாம் எரிக்கும் நிலக்கரி என்றார். வானிலை அறிஞர்கள் தலையசைத்தார்கள், ஆனால் நம்பவில்லை.

இந்த ஐயங்கள் எல்லாம் நேர்மையானவை. அவற்றுக்கு விடை தேடியதால்தான் அறிவியல் வளர்ந்தது. 1956இல் கில்பர்ட் பிளாஸ், உயரத்தில் உள்ள மெல்லிய காற்றில் ஆங்ஸ்ட்ராமின் வாதம் நிற்காது என்று காட்டினார். 1957இல் ரெவெல், சூஸ் இருவரும் கடல் நாம் நினைத்த வேகத்தில் கரியமில வாயுவை உறிஞ்சாது என்று கண்டார்கள். அடுத்த ஆண்டே சார்ல்ஸ் கீலிங், ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இயந்திரத் தொழில் தொடங்குவதற்கு முன்பு அது 280 பங்குதான். இன்று 420ஐயும் தாண்டிவிட்டது.

குற்றவாளியின் கைரேகை

சரி, வாயு கூடுகிறது; அது எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே? வெப்பம் கூடுகிறது; சூரியன் காரணமாக இருக்கலாமே? நியாயமான கேள்விகள்தாம். திருடன் கைரேகையை விட்டுச் செல்வதுபோல இங்கும் தடயங்கள் கிடைத்தன.

முதல் தடயம் கரியிலேயே இருக்கிறது. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரி சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றிலும் அழிந்து போயிருக்கும். அவற்றை எரித்துப் புகை விட விட, காற்றில் கார்பன்-14இன் விகிதம் குறைய வேண்டும். மர வளையங்களை ஆராய்ந்த சூஸ் 1950களிலேயே அந்தக் குறைவைக் கண்டார். எரிமலையிலிருந்து வரும் கரியிலும் கார்பன்-14 கிடையாதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதன் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

இரண்டாவது தடயம் வானத்தில். சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலத்தின் கீழ் அடுக்கும் மேல் அடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழே சூடேறி, மேலே குளிர வேண்டும். சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் இதைக் கணித்தார்கள். பின்னர் அளந்து பார்த்தபோது மேல் அடுக்கு குளிர்ந்து கொண்டிருந்தது. மனாபேக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழு 1988இல் அமைந்தது. மனிதனின் பங்கு தென்படுகிறது என்று 1995இல் தயங்கியபடி சொன்னது. 2007இல் 90 விழுக்காடு உறுதி என்றது. 2013இல் 95 என்றது. 2021இல் ஐயத்திற்கே இடமில்லை என்று முடித்தது. இதே குழு தவறும் செய்திருக்கிறது. இமயத்தின் பனியாறுகள் 2035க்குள் மறையலாம் என்று 2007 அறிக்கையில் எழுதியது. ஆதாரம் இல்லை என்று மற்ற அறிஞர்கள் சுட்டிக் காட்டியதும் 2010இல் தவற்றை ஒப்புக் கொண்டது.

விலைக்கு வந்த ஐயம்

அப்படியானால் மக்கள் மன்றத்தில் மட்டும் விவாதம் ஏன் முடியவில்லை? இங்கேதான் கதை கசக்கிறது.

1977இல் எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் மூத்த அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடேறும் என்று தம் நிர்வாகத்திற்கே எடுத்துச் சொன்னார். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொடர்ந்து கணக்கிட்டார்கள். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் சரியாகவே பலித்தன என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் வெளியே அதே நிறுவனம், அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்று நாளேடுகளில் விளம்பரம் செய்தது.

1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகன நிறுவனங்கள் பல சேர்ந்து 'உலகப் பருவநிலைக் கூட்டணி' என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. பெயர் அழகாகத்தான் இருந்தது. வேலை, மனிதனின் பங்கு நிரூபிக்கப்படவில்லை என்று பரப்புவது. அந்த அமைப்பின் சொந்த அறிவியலாளர்களே 1995இல் எழுதிய உள் அறிக்கையில், பசுமை இல்ல விளைவின் அடிப்படை அறிவியலை மறுக்க முடியாது என்று ஒப்புக் கொண்டிருந்தார்கள். அது பின்னர் நீதிமன்ற வழக்கொன்றில் வெளிவந்தது. 1997 ஜூலையில், கியோட்டோ ஒப்பந்தம் உருவாகும் முன்பே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தம் வேண்டாம் என்று அமெரிக்க மேலவை 95க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. 2001இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக் கொண்டது. அடுத்த ஆண்டு கூட்டணி கலைந்தது.

இந்த வித்தை புதிதல்ல. 1969இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள் குறிப்பு, தாங்கள் விற்கும் சரக்கே ஐயம்தான் என்ற பொருளில் எழுதியது. உண்மையைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. மக்களைக் குழப்பினால் போதும். குழம்பியவன் எதுவும் செய்ய மாட்டான். அப்படிக் கழிந்த ஆண்டுகள் கொஞ்சமல்ல. 2024ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகைக்கும் மேலாகச் சூடேறிய முதல் ஆண்டாகப் பதிவானது.

மனம் மாறிய ஒருவர்

ஐயப்பட்டவர்கள் எல்லாரும் விலைபோனவர்களா? அப்படிச் சொன்னால் பாவம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர், வெப்பநிலைக் கணக்குகளில் பிழை இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். எல்லாப் பதிவுகளையும் தாமே புதிதாக ஆராய்ந்தார். அவருக்குக் கிடைத்த நிதியில் ஒரு பகுதி, எண்ணெய்த் தொழிலில் செல்வம் சேர்த்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையிலிருந்து வந்தது. முடிவு என்ன தெரியுமா? 2012இல் அவர், பூமி சூடேறுவது உண்மை, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதனே என்று எழுதினார். தம் மனம் மாறியதை ஊரறியச் சொன்னார்.

ஆகவே பணம் யார் கொடுத்தது என்பது மட்டும் அளவுகோல் அல்ல. சான்று வந்தபின் தலைவணங்குகிறாரா, இல்லையா என்பதுதான் அளவுகோல். சொல்பவர் யாராயினும் சொன்ன பொருளின் மெய்யைக் காணச் சொன்னார் வள்ளுவர்.

நம் பிள்ளைகள் நாளை இணையத்திலும் புலனத்திலும் எத்தனையோ செய்திகளைப் படிப்பார்கள். ஐயப்படாதே என்று அவர்களுக்குச் சொல்லாதீர்கள். நன்றாக ஐயப்படு, விடையையும் தேடு, விடை வந்தால் ஏற்றுக்கொள் என்று சொல்லுங்கள். கால்வாயைத் தூர்வாரும் கடமையும் நமக்குண்டு. புகையைக் குறைக்கும் கடமையும் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிக்கும் காலம் கடந்துவிட்டது.