மணிக்கூட்டு ஊரும் மணிக்கட்டும்

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லா ஷோ-த-ஃபோன். 1794இல் ஒரு பெருந்தீ அந்த ஊரைத் தின்றது. திரும்பக் கட்டியபோது நேர்நேரான தெருக்களாகக் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தெருக்கள் மேலும் நீண்டபோது ஒவ்வொரு வீட்டுப் பட்டறைக்கும் பகல் வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்பது கணக்கில் இருந்தது. எல்லாம் மணிக்கூட்டுக்காக. யன்னலோர மேசைகளில் ஆணும் பெண்ணுமாகக் குனிந்திருந்து சில்லும் திருகாணியும் பொருத்திய ஊர் அது. ஊர் முழுவதையும் ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையாகக் கொள்ளலாம் என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் எழுதினார். 2009இல் பக்கத்து ஊரான லெ லோக்கிளோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை ஆக்கியது.

நான் பேர்ணில் கைச் சிகிச்சை செய்பவள். எனக்கு அந்த ஊர் முக்கியமாவது ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரால்.

ஃபிரிட்ஸ் டி கேர்வான் 1868இல் சியோனில் பிறந்தவர். பேர்ணில் தியோடர் கோஹரிடம் பயின்றவர். கோஹர் 1909இல் தைரொயிட் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர். 1890களின் நடுவில் லா ஷோ-த-ஃபோனில் வேலை தொடங்கிய டி கேர்வானிடம் 35 வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி. அந்தக் காலத்தில் தசைநாண் உறை நாட்பட்டுத் தடித்திருந்தால் முதல் சந்தேகம் காசநோய்மீதுதான் விழும். இது காசநோயல்ல என்று கண்ட டி கேர்வான், உறையைத் திறந்து பார்த்தார். 1895இல் சுவிஸ் மருத்துவர்களின் சஞ்சிகையில் இத்தகைய ஐந்து பேரைப் பற்றி எழுதினார். இதே நோயைத் தானும் கண்டிருப்பதாகக் கோஹர் அவரிடம் சொல்லியிருந்தார்.

இன்று அவர் பெயரால் வழங்கும் நோயில் அவர் கண்டது இது. பெருவிரலை வெளியே விரிக்கும் நாணும் அதை நிமிர்த்தும் நாணும் மணிக்கட்டில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அடியில் எலும்பு, மேலே இறுகிய பட்டை. இடையில் குறுகிய வழி. அந்தப் பட்டை தடித்தால் நாண்கள் நெருக்குப்படும். நாணை வெட்டத் தேவையில்லை, உறையை நீளவாக்கில் திறந்துவிட்டால் போதும். ஒரு நூற்றாண்டு கழித்து, 1998இல், நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களும் அழற்சியைவிட உறையின் தடிப்பையும் சிதைவையுமே கண்டார்கள். ஆகவே தசைநாண் உறை அழற்சி என்ற பெயரே இந்த நோய்க்குச் சரியாகப் பொருந்தவில்லை. டி கேர்வான் அன்றே வழி குறுகியதைக் கவனித்திருந்தார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை.

டி கேர்வான் பின்னர் பாசலுக்கும், 1918இல் கோஹரின் இடத்துக்குப் பேர்ணுக்கும் வந்தார்; கண்டக்கழலையை ஒழிக்க உப்பில் அயடின் சேர்க்கவும் பாடுபட்டார். 1940இல் இறந்தார்.

ஆனால் நோய் அவருக்கு முந்தியது. 1893ஆம் ஆண்டின் கிரேயுடைய உடற்கூற்று நூலிலேயே இது சலவைப் பெண்களின் சுளுக்கு என்று சொல்லப்பட்டிருக்கிறது. துணியை முறுக்கிப் பிழியும் கை என்ன செய்கிறதென்று பாருங்கள்: பெருவிரல் இறுக்கிப் பிடிக்க, மணிக்கட்டு சின்னவிரல் பக்கம் திரும்புகிறது. நிலம் துடைக்கும் துணியைப் பிழிவதும் அதே அசைவு. கைக்குழந்தையைக் கமுக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்கும்போது பெருவிரல் அகல விரிந்து முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதனால்தான் பிள்ளை பெற்ற சில மாதங்களில் இத்தனை தாய்மார் வருகிறார்கள்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த எங்கள் தமிழ்ச் சனத்தில் பலர் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும்தான் காலூன்றினார்கள். அந்தத் தலைமுறைப் பெண்ணொருவர் என் மேசைக்கு முன் இருந்து சொன்னது: "பிள்ளை, போத்தில் மூடி திறக்கேலாமக் கிடக்கு. இவர் சொல்லுறார், நான் சும்மா சொல்லுறன் எண்டு."

"பெருவிரலை உள்ளுக்கு மடக்கிப் பொத்துங்கோ அன்ரி. இப்ப கையைச் சின்னவிரல் பக்கம் மெல்லச் சரியுங்கோ."

சரித்த உடனே முகம் சுருங்கியது. இந்தச் சோதனையை 1927இல் ஐக்ஹோஃப் என்பவர் எழுதினார். 1930இல் நியூயோர்க் வைத்தியர் ஃபிங்கல்ஸ்டைன் எழுதியது அதற்கு நெருங்கியது. எக்ஸ்ரே தேவையில்லை, இயந்திரம் தேவையில்லை. கூட வந்த கணவருக்கும் அன்று விளங்கியது.

நோவெண்ணெய் போட்டு உருவிவிட்டு வருகிறவர்கள் அதிகம். எண்ணெயின் சூட்டில் குற்றமில்லை. ஆனால் வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி உருவினால் வலி ஏறும். நான் வெந்நீர்த் தொட்டியில் 65 பாகைக்குமேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, ஈரம் துடைத்து, அது இறுகுவதற்குள் கையோடு பொருத்துவேன். மணிக்கட்டும் பெருவிரல் அடியும் அசையக் கூடாது. பெருவிரல் நுனி மடங்க வேண்டும், உள்ளங்கை ரேகை மறையக் கூடாது. பிறகு வைத்தியரின் ஊசி: 1950களின் நடுவில் உறைக்குள் ஹைட்ரோகோர்ட்டிசோன் போடத் தொடங்கினார்கள். பலருக்கு அதோடு தீரும். சிலருக்கு அந்த வழியின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும்; மருந்து ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் வலி நிற்கும். அவர்களுக்குச் சத்திரசிகிச்சை, 1890களில் செய்த அதே திறப்பு. தோலுக்கடியிலேயே ஓடும் உணர்வு நரம்பைக் காக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கவனம்.

என்னை வருத்துவது காப்புறுதி. 1984 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த விபத்துக் காப்புறுதிச் சட்டத்தின்கீழ் தொழில்நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் தசைநாண் உறை அழற்சி இருக்கிறது, ஆனால் அசைக்கும்போது நறநறவென்று உராயும் வகை என்று குறித்திருக்கிறார்கள். டி கேர்வானின் நோய் பெரும்பாலும் சத்தமில்லாதது. பட்டியலில் உள்ள நோயென்றால் காரணத்தில் பாதிக்குமேல் வேலை என்று காட்டினால் போதும். பட்டியலுக்கு வெளியே என்றால் குறைந்தது 75 சதவீதம் வேலைதான் என்று நிறுவ வேண்டும். பகல் உணவகத்திலும் மாலை வீட்டிலும் அதே கையால் பிழிகிற ஒரு பெண் அந்த 75ஐ எப்படி அளப்பாள்? சுவிஸ் ஊரில் சுவிஸ் வைத்தியர் எழுதிவைத்த நோய்க்கு இந்தக் கதி நியாயமில்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவருகிறேன். என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு கொப்பி வாங்கச் சொல்கிறேன்: எத்தனை மணிக்கு எந்தச் சட்டியைத் தூக்கினீர்கள், எத்தனை தரம் துணி பிழிந்தீர்கள், வலி எப்போது தொடங்கியது என்று திகதி போட்டு எழுதுங்கோ, தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, வைத்தியருக்கு அனுப்பும் அறிக்கையில் நான் சேர்க்கிறேன் என்று.