வடலூர் அடுப்பும் எங்க ஆயாவோட நெல்லுச் சோறும்

ஊருக்குப் போயிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு. பதிவு போடணும்னு நினைச்சு நினைச்சே நாள் ஓடிடுச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு எழுதலன்னா எப்பவும் எழுத மாட்டேன்னு தோணுச்சு, உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க ஊரு வளவனூர். விழுப்புரத்துல பாண்டி பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துடும். இந்தத் தடவை வீட்டுல நுழையும்போதே ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆயாவுக்கு சக்கரை ஏறிடுச்சு. டாக்டர் சோத்தைக் குறைச்சு கேழ்வரகு, கம்பு, கீரை, காய்னு சாப்பிடச் சொல்லியிருக்கார். ஆயா கேழ்வரகைத் தொட மாட்டேங்குது. அம்மா கூழ் கரைச்சு வெச்சா அது அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போகுது.

நான் சும்மா இருந்திருக்கலாம். பெங்களூர்ல பாக்கெட் வரகரிசி வாங்கித் தின்னுட்டு, இயற்கை உணவு பத்தி நாலு கட்டுரை படிச்ச தெம்புல, "ஆயா, உங்க காலத்துல நீங்க சாப்பிட்டதுதானே இது? கூழும் கீரையும் தின்னுதானே கல்லு மாதிரி இருந்தீங்க"ன்னு ஆரம்பிச்சேன். ஆயா என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. "இன்னாடா சொன்ன? கல்லு மாதிரியா? என் கூடப் பொறந்ததுல ரெண்டு தக்குல. உனக்கு யாருடா சொன்னது கல்லு மாதிரி இருந்தோம்னு?" அவ்வளவுதான். அன்னிக்கு முழுக்க எங்கூடப் பேசல.

அம்மா வேற வழி பார்த்தாங்க. ஆயா வள்ளலார் சொன்னா கேக்கும். தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துட்டு வர்ற ஆளு. என்னிக்கோ வடலூர்ல குடுத்த ஒரு சின்னப் புத்தகம் சாமி மாடத்துல இருந்துச்சு, 'நித்திய கரும விதி'. அம்மா அதை எடுத்து என் கையில குடுத்து, சாப்பாடு பத்தி வர்ற இடத்தைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. வள்ளலார்னா வெள்ளை முக்காடு, ஜோதி, அன்னதானம், இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. படிக்கப் படிக்க ஆச்சரியமாப் போச்சு. மனுஷன் சமையல்கட்டுக்குள்ள நின்னு எழுதியிருக்கார்.

எந்தெந்தக் காய் நல்லதுன்னு பேர் பேரா வருது. முருங்கை, கத்தரி, அவரை, பீர்க்கு, புடலை, கொத்தவரை, கல்யாணப் பூசணி, பேயன் வாழை. கீரையில கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை. கிழங்கு வேண்டாம், கருணைக்கிழங்குக்கு மட்டும் சலுகை. புளி, மிளகாய் கொஞ்சமா, மிளகும் சீரகமும் தாராளமா, உப்பு குறைவா, கடுகு அவசியமில்லை, வெங்காயம் பூண்டு சிறிதளவு. மாமிசம் எந்தக் காலத்துலயும் கூடாது. காலையில கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் இடிச்ச பொடியைப் பால்லயோ தண்ணியிலயோ கொதிக்க வெச்சு நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடிக்கலாம். குடிக்கிற தண்ணி நல்லாச் சுண்டக் காய்ச்சின வெந்நீரா இருக்கணும்.

அந்தக் கடைசி விஷயத்துல கொஞ்சம் நின்னேன். வள்ளலார் பொறந்தது 1823-ல, சிதம்பரம் பக்கத்துல மருதூர். மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துல அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டது 1874 ஜனவரி 30. காலராவுக்குக் கிருமிதான் காரணம்னு ராபர்ட் காக் சொன்னது 1884-ல. "பாத்தீங்களா, அப்பவே நம்மாளு..."ன்னு உடனே ஆரம்பிக்க வேண்டாம். தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கிறது சித்த மருத்துவத்துல ரொம்ப நாளா இருக்குற பழக்கம். கிருமியைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல. ஆனா காலரா ஊர் ஊரா வாரிக்கிட்டுப் போன காலத்துல இந்தப் பழக்கத்தைப் பிடிச்சவங்கள்ல சிலராவது பொழைச்சிருப்பாங்க இல்லையா?

இன்னொண்ணு, அந்தப் பட்டியல்ல இல்லாத காய்கள். கேரட், பீன்ஸ், கோஸ் எதுவும் இல்லை. தக்காளி இல்லை. உருளைக்கிழங்கு கிழங்குங்கிற கணக்குலயே அடிபட்டுப் போகுது. நீலகிரியில ஜான் சல்லிவன் 1820-கள்ல உருளை போட ஆரம்பிச்சுட்டாலும், நம்ம பக்கத்து வீட்டுச் சமையலுக்கு இதெல்லாம் நிதானமாத்தான் இறங்கி வந்துச்சு. எங்க வீட்டுல இன்னிக்கும் அமாவாசை, திவசம்னா இங்கிலீஷ் காய் சேர்க்கறதில்லை. சின்ன வயசுல அது ஏன்னு கேட்டா "ஆகாது"ன்னு ஒரே பதில்தான். யோசிச்சுப் பார்த்தா அந்தத் திவசச் சமையல் ஒரு மியூசியம் மாதிரி. தக்காளியும் பீன்ஸும் வர்றதுக்கு முந்தின சமையல்கட்டு வருஷத்துக்கு ஒரு நாள் எங்க வீட்டுல திறக்குது, அவ்வளவுதான்.

மிளகாயும் வந்தேறிதான். போர்ச்சுகீசியர் வழியா 16-ம் நூற்றாண்டுல இறங்கின சரக்கு. அதுக்கு முன்னால காரம்னா மிளகுதான். மிளகு மாதிரி உறைக்கிற காய்ங்கறதாலதான் அது மிளகாய். வள்ளலார் காலத்துக்குள்ள அது ஏழைவீட்டுச் சட்டி வரைக்கும் போயாச்சு. மிளகு காசு குடுத்து வாங்கணும், மிளகாயைக் கொல்லையில போட்டுக்கலாம். அதனால அவர் மிளகைக் கூட்டி மிளகாயைக் குறைக்கச் சொன்னது உடம்புக்கு நல்லதா இருக்கலாம், ஆனா எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியான பேச்சில்லை.

எங்க பக்கத்துக்குன்னு இன்னொரு வந்தேறி இருக்கு, மல்லாட்டை. வேர்க்கடலைங்க. மணிலாக்கொட்டை வாயில தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. 19-ம் நூற்றாண்டுல தென்னாற்காடு மாவட்டத்துல இது பணப்பயிராப் பரவி, மூட்டை மூட்டையா பாண்டிச்சேரி துறைமுகம் போய், அங்கேருந்து கப்பல்ல பிரான்ஸுக்கு, மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் போச்சு. விழுப்புரம் பாண்டி ரயில் 1879-ல வந்துச்சு. எங்க ஊர் ஸ்டேஷனும் அந்த லைன்லதான். கம்பும் வரகும் விளைஞ்ச மேட்டு நிலத்துல ஒரு பங்கு மார்சேய் சோப்புக்காக மல்லாட்டை போட்டுச்சு. நாம இன்னிக்கு 'பாரம்பரியச் செக்கு கடலை எண்ணெய்'னு லிட்டருக்கு அள்ளிக் குடுக்கறோமே, அந்தப் பாரம்பரியத்தோட வயசு இவ்வளவுதான் :-)

சரி, பஞ்சாயத்துக்கு வரேன். எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். ஆயா கண்ணை மூடிக் கேட்டுச்சு. முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி. "நெல்லுச் சோறு வேணாம்னு சாமி எங்கடா எழுதியிருக்காரு?"

தேடித் தேடிப் பார்த்தேன். வேணாம்னு இல்லை. சீரகச் சம்பா நல்லதுன்னுதான் இருக்கு! அம்மா மூஞ்சியைப் பார்க்கணுமே. ஆயா முதல் தடவையா சிரிச்சுது.

அப்புறம் அதுவே சொல்ல ஆரம்பிச்சுது. அவங்க வீட்டுல நெல்லுச் சோறுன்னா பொங்கல், தீபாவளி, யாராவது செத்தா, அவ்வளவுதான். மத்த நாள் கேழ்வரகுக் கூழ், அதுவும் ஒரு வேளை. மழை பொய்ச்ச வருஷம் கூழும் தண்ணியாகும். கீரைன்னா இப்ப அம்மா பருப்புப் போட்டுக் கடையறது இல்லை. வரப்புல முளைக்கிறதைப் பறிச்சு, உப்பு இருந்தா உப்புப் போட்டு வேகவெச்சுத் தின்னது. "அது பேரு பசிடா கண்ணு. நீ அதுக்குப் போய் இயற்கை ஒணவுன்னு பேரு வெக்கிற." எனக்கு ஒண்ணும் பேச வரல.

ஞாயித்துக்கிழமை நான் மட்டும் பண்ருட்டி வழியா வடலூருக்கு பஸ் ஏறினேன்.

தருமச்சாலையை வள்ளலார் ஆரம்பிச்சது 1867 மே 23, பிரபவ வருஷம் வைகாசி 11. பார்வதிபுரம் ஊர்க்காரங்க 80 காணி நிலம் குடுத்தாங்க. காணி 1.32 ஏக்கர், அப்போ நூறு ஏக்கருக்கு மேல. அதுக்கு முந்தின வருஷம்தான் ஒரிசாவுலயும் சென்னை மாகாணத்தோட வடக்குக் கோடி கஞ்சத்துலயும் பஞ்சத்துல ஜனங்க கொத்துக் கொத்தாச் செத்திருந்தாங்க. அணையா அடுப்பு 21 அடி நீளம், ரெண்டரை அடி அகலம், ரெண்டரை அடி ஆழம். அன்னிக்கு மூட்டின நெருப்பு இன்னிக்கும் அணையலைன்னு சொல்றாங்க. விறகு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, பக்கத்துல நிக்க முடியல.

அங்க நிக்கும்போதுதான் ஒண்ணு உறைச்சுது. வீட்டுல சாப்பாடு இருக்குறவனுக்கு அவர் எழுதினது நித்திய கரும விதி. உப்பைக் குறை, காரத்தைக் குறை, கிழங்கை விடு. சாப்பாடே இல்லாதவனுக்கு அவர் எதையும் எழுதிக் குடுக்கல, அடுப்பைத்தான் மூட்டினார். பசிச்சவன்கிட்ட சாதி, ஊர், நடத்தை எதுவும் விசாரிக்காம சோறு போடணும்னு ஜீவகாருண்ய ஒழுக்கத்துல பக்கம் பக்கமா வாதாடியிருக்கார். நான் ஆயாகிட்ட பண்ணின தப்பு, ரெண்டாவது ஆளுக்கு மொத ஆளோட புத்தகத்தைப் படிச்சது.

அவர் மறைஞ்சு ரெண்டே வருஷத்துல, 1876-ல, தாது வருஷப் பஞ்சம் வந்துச்சு. 1878 வரைக்கும் தென்னிந்தியாவுலயும் மேற்கிந்தியாவுலயும் செத்தவங்க 50 லட்சத்துக்கும் மேல. அப்போ நடந்த ஒரு சண்டையை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கல்கத்தாவுல இருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு 1877 ஆரம்பத்துல கூலியைக் குறைச்சார். ஒரு பவுண்டுன்னா 450 கிராம். நாள் முழுக்க மண்ணு வெட்டணும், அதுக்கு இது. சென்னை மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், இது சோறு இல்லை, மெதுவாக் கொல்றதுன்னு எதிர்த்து நின்னார். ஒன்றரை பவுண்டு வேணும், பருப்பும் வேணும், வெறும் தானியம் மட்டும் போட்டா உடம்பு உருகும்னு விடாம எழுதினார். சில மாசத்துல சென்னை அரசு கூலியை உயர்த்திச்சு. அதுக்குள்ள முகாம்கள்ல எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. எளிமையான உணவுங்கிற வார்த்தையை டெம்பிளும் சொல்லியிருக்கலாம், அவர் திட்டத்துக்கு அது கச்சிதமாப் பொருந்தும். கீரையும் பருப்பும் அந்த 450 கிராமோட சேரலைங்கிறதுதான் கார்னிஷோட கோபமே.

தருமச்சாலை ஆரம்பிச்சு சரியா நூறு வருஷம் கழிச்சு, 1967 தேர்தல்ல தமிழ்நாட்டுல ஆட்சி மாறுறதுக்கு ரூபாய்க்கு மூணு படி அரிசிங்கிற வாக்குறுதி ஒரு பெரிய காரணம். கம்பு தர்றோம்னு யாரும் ஓட்டுக் கேக்கல. ஐ.ஆர்.8 நெல் வந்து, ரேஷன் அரிசி வந்து, 2011-ல அதுவும் இலவசம் ஆச்சு. ஆயா தலைமுறைக்கு மூணு வேளையும் நெல்லுச் சோறுங்கறது ஜெயிச்சு வாங்கின ஒண்ணு. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதும் நாமதான் வரகைத் தேடி ஓடறோம். ஆயா எதுக்கு ஓடணும்?

தருமச்சாலையில அன்னிக்குச் சாதம், சாம்பார், ரசம், ஒரு பூசணிக் கூட்டு. எனக்கு எதிர் வரிசையில ஒரு பெரியவர் மூணு தடவை சாதம் வாங்கினார். போடறவங்க மூணாவது தடவையும் மொத தடவை மாதிரியேதான் போட்டாங்க.

ஊருக்குத் திரும்பி ஆயாகிட்ட சமாதானம் பேசினேன். கூழ் கிடையாது. நெல்லுச் சோறு ஒரு கரண்டி மட்டும், அதைச் சுத்தி அவரைக்காப் பொரியல், பீர்க்கங்காக் கூட்டு, மிளகு தட்டிப் போட்ட முருங்கைக்கீரைன்னு ஒப்பந்தம். ரெண்டு நாள் ஒழுங்கா நடந்துச்சு. மூணாவது நாள் கரண்டியை மாத்திடுச்சு, குழம்பு ஊத்துற பெரிய கரண்டி. "ஒரு கரண்டின்னுதானே சொன்ன?"

அம்மா இப்ப டெய்லி போன் பண்ணி ரீடிங் சொல்றாங்க. நேத்து 190.