கேட்டவர்களின் வரலாறு



அய்யா எல். இளையபெருமாள் அவர்களின் நினைவாகக் கூடியிருக்கிறோம். இது போன்ற நாளில் நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேசுவதே வழக்கம். இன்று ஒரு பாட்டுக் கச்சேரியைப் பற்றிப் பேசப்போகிறோம். குமராட்சியிலிருந்து ஏழு பேர் சென்னைக்குப் போய் இளையராஜாவின் கச்சேரியைக் கேட்டு வந்த கதை இது. நினைவுப் பொழிவுக்கு இது பொருத்தமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எங்கள் தெருவில் அன்றைக்கே அந்தக் கேள்வி எழுந்தது.

2005 செப்டம்பர் 8 அன்று அய்யா மறைந்தார். அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் கச்சேரி. இடையில் நாற்பது நாள்கூட இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இளையராஜா நடத்தும் பெரிய மேடைக் கச்சேரி என்றார்கள். கேசட் தேயத் தேயக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதை விட மனமில்லை. ‘தலைவர் போன துக்கம் ஆறவில்லை, அதற்குள் பாட்டுக் கச்சேரியா?’ என்று தெருவில் பேச்சு வந்தது. எங்களுடன் வருவதாக இருந்த எழுபது வயதுத் தாத்தாதான் அதற்குப் பதில் சொன்னார்: “அவரு அடிக்காதன்னுதான் சொன்னாரு. கேக்காதன்னு சொல்லல.”

இந்த இருபது ஆண்டுகளில் அந்த ஒரு வார்த்தையை நாங்கள் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறோம். இன்று பேசப்போவதெல்லாம் அதற்கான விளக்கம்தான்.

தோலும் நரம்பும் கொடுத்தவர்

காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்தவர் இளையபெருமாள். பரங்கிப்பேட்டையில் படித்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்ததை நாம் அடிக்கடி சொல்கிறோம். 1952இல் நாடாளுமன்றம் சென்றதையும், அவர் தலைமையில் அமைந்த குழு 1969இல் தீண்டாமை பற்றிக் கொடுத்த அறிக்கையையும் சொல்கிறோம். ஆனால் இந்த வட்டாரத்துக் கிழவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது வேறு: “பறையை இறக்கி வைக்கச் சொன்னவர்.”

ஊர்ச் சாவுக்கும் திருவிழாவுக்கும் தண்டோராவுக்கும் பறையடிப்பது நமக்கு விதிக்கப்பட்ட ஊழியம். அதற்குக் கூலி பேச முடியாது; களத்தில் அள்ளிப்போடும் நெல்லோடு முடிந்தது. வர முடியாது என்று சொல்லவும் முடியாது. அந்த ஊழியத்தை நிறுத்துங்கள் என்று அய்யா ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். நிறுத்திய தெருக்களில் வேலை மறுக்கப்பட்டது, அடி விழுந்தது. எங்கள் தாத்தா பறையை இறக்கி வைத்தபோது அவருக்கு வயது பதினெட்டுகூட இல்லை. தண்டோரா போடுவதைக் கைவிட வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது 2022இல். எங்கள் தெருக்கள் எவ்வளவு முன்னால் போயிருந்தன என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

இன்னும் பின்னால் போனால் நந்தனார் நிற்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம், கொள்ளிடக்கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த அவர் கோயில்களுக்கு எதையெல்லாம் கொடுத்தார் என்று சொல்கிறது. முரசு போன்ற கருவிகளுக்குப் போர்க்கத் தோல், கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு. கோயிலுக்குள் எழுந்த இசை முழுவதும் அவர் கைப்பட்ட தோலிலும் நரம்பிலும் எழுந்தது. அதை உள்ளே நின்று கேட்கும் இடம் அவருக்கு இல்லை. தில்லைக்குள் போகத் தீயில் இறங்க வேண்டியிருந்தது.

நம்மைப் பற்றி எழுதப்பட்ட இசை வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது: கருவி செய்தவர்கள், கருவி அடித்தவர்கள். அமர்ந்து கேட்டவர்கள் என்ற பக்கம் எழுதப்படவில்லை. கேட்பது ஓய்வு உள்ளவனுடைய செயல், இருக்கை உள்ளவனுடைய செயல். சாதிச் சமூகம் நமக்கு வேலையைக் கொடுத்தது, இருக்கையைக் கொடுக்கவில்லை.

தேர் வராத தெருவும் பாட்டு வந்த தெருவும்

இருக்கை எங்கிருந்து வந்தது? கொட்டகையிலிருந்து வந்தது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கம் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்பது அவர் வாதம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கேயும் தட்டுகள் இருந்தன. கிராமத்துக் கொட்டகைகளில் சாதி முழுதாக வெளியேறிவிடவும் இல்லை. ஆனாலும் காசு சேர்த்தால் தரையிலிருந்து பெஞ்சுக்குப் போகலாம். சேரியிலிருந்து ஊருக்குள் அப்படிப் போக முடியாது.

கொட்டகைக்குப் பிறகு மைக் செட் வந்தது. ஊர்த் திருவிழாவில் தேர் நம் தெருவுக்கு வராது. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் பாட்டு, வேண்டாம் என்றாலும் வந்தது. வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டி வந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது குழாயில் கேட்டது நம் வீட்டுத் தாலாட்டின் சாயலும் நடவுப் பாட்டின் சாயலும். பண்ணைப்புரத்திலிருந்து போன ஒருவர் அந்தச் சாயலை வயலின் கூட்டத்தோடும் கிடாரோடும் சேர்த்து நமக்கே திருப்பி அனுப்பினார். நம் பாட்டை நாமே அமர்ந்து கேட்ட அனுபவம் நம் பெற்றோர் தலைமுறைக்கு அப்படித்தான் கிடைத்தது.

அரங்கில் ஏழு பேர்

2005க்குத் திரும்புகிறோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகத் தொடங்கியிருந்தது. சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி என்று எங்கள் ஏரித் தண்ணீர் போன திசையிலேயே நாங்களும் பேருந்தில் போனோம். இருந்ததிலேயே விலை குறைந்த சீட்டு. அரங்கின் மேல்வரிசை. மேடையில் இருந்தவர்கள் விரல் அளவு தெரிந்தார்கள்.

முதலில் எங்கள் கண்ணில் பட்டது காகிதம். ஒவ்வொரு வாத்தியக்காரர் முன்னாலும் ஒரு தாங்கி, அதில் இசைக்குறிப்பு எழுதிய தாள். வயலின்காரர்களின் வில்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஒலிநாடாவில் ஒரே ஓசையாகக் கேட்டிருந்தது, இத்தனை பேருடைய கைகள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். சமூகவியல் படித்த எங்களுக்கு அந்தத் தாள் வேறொன்றையும் சொன்னது. வீட்டுக்குள், பரம்பரைக்குள், குருவின் திண்ணையில் பூட்டி வைக்கப்படும் இசைக்கு நுழைவாயில் பிறப்பு. தாளில் எழுதிவிட்ட இசைக்கு வாசிக்கக் கற்றவரெல்லாம் வாரிசு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, சென்னையில் கைப்பற்றிய முதல் அதிகாரம் இந்த எழுத்துத்தான். எழுத்து நம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாட்டுகளுக்கு நடுவே பக்கத்து இருக்கைக்காரர்களோடு பழக்கமானோம். ‘எந்தப் பாட்டு வரும், எது வராது’ என்று பந்தயம் கட்டினோம். கடலைப் பொட்டலம் கை மாறியது. ஓர் இடையிசைக்கு முன்பின் அறியாத நான்கு பேர் ஒரே நேரத்தில் தலையாட்டும்போது உண்டாகும் உறவு, வேறு எந்தக் கூட்டத்திலும் எங்களுக்கு வாய்த்ததில்லை. அப்போது ஒருவர் கேட்டார்: “குமராட்சியா? நமக்கும் அந்தப் பக்கந்தான். குமராட்சியில எங்க?”

நம் பக்கத்து மனிதர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். படித்த நாங்கள், பட்ட மேற்படிப்பு முடித்த நாங்கள், கூட்டங்களில் முழக்கமிட்ட நாங்கள் சொன்னோம்: “கடைத்தெருப் பக்கம்.” தாத்தா எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, “காலனிங்க” என்றார். அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் மேடையைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். அந்தப் பாட்டு என்னவென்று எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் இன்று நினைவில்லை. நிகழ்ச்சி முடிந்து எழுந்தபோது, “வரேங்க அய்யா” என்று தாத்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்தப் பொய்யைச் சபையில் ஒப்புக்கொள்வதும் இந்தப் பொழிவின் நோக்கம். சீட்டில் அச்சிட்ட எண் எங்களுக்கு இருக்கையைக் கொடுத்தது. அதில் அச்சமின்றி உட்காரும் துணிவைக் கொடுக்கவில்லை. அந்தத் துணிவு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பறையை இறக்கி வைத்தவரிடம்தான் இருந்தது.

கூலி எவ்வளவு?

திரும்பி வரும்போது, திண்டிவனம் தாண்டி எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம். தாத்தா எழுப்பிக் கேட்டார்: “தம்பி, அங்க வாசிச்சவங்களுக்கெல்லாம் கூலி எவ்ளோ இருக்கும்?”

அன்று அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் விளங்கியது, எங்கள் ஏழு பேரில் சரியான சமூகவியல் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே என்று. பறையை மறுத்தவர்கள் இசையை மறுக்கவில்லை. கூலியில்லாத, மறுக்க முடியாத உழைப்பை மறுத்தார்கள். திரையிசைக் கூடத்தில் வாசித்தவர்களுக்கும் உரிய ஊதியம் தானாக வந்துவிடவில்லை. அவர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், பொதுவுடைமைக்காரர். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசனும் கட்சி மேடைகளில் தம்பிமாரோடு பாடியவர். கலைஞர் என்பவர் உழைப்பாளி, உழைப்புக்கு விலை உண்டு என்ற எண்ணம் இசைக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தின் பறை மறுப்பும் கோடம்பாக்கத்துச் சங்கமும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள். ஒன்றை நாம் சாதி ஒழிப்பில் எழுதுகிறோம், மற்றதைச் சினிமாவில் எழுதுகிறோம். ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

அவருடைய பெயரும் நம்முடைய செவியும்

இந்த இடத்தில் மாணவர்கள் கேட்பீர்கள்: இளையராஜா தம்மைச் சாதி அடையாளத்தோடு பேசுவதை விரும்புவதில்லையே? அவருடைய அரசியல் சார்பு நம்முடையது இல்லையே? இரண்டும் உண்மை. அவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பது அவர் உரிமை. அவருடைய அரசியலை விமர்சிப்பது நம் உரிமை. ஆனால் குழாய் ஸ்பீக்கரின் கீழ் நாம் எப்படிக் கேட்டோம், அந்தக் கேட்டல் நம்மை என்ன செய்தது என்பது நம் வரலாறு. அதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அதே 2005இல், கச்சேரிக்குச் சில மாதங்கள் முன்பு, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்து அவர் உருவாக்கிய திருவாசகம் வெளிவந்தது. மாணிக்கவாசகரின் தில்லைக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அந்தத் தில்லைச் சிற்றம்பல மேடையில் ஏறித் தமிழ்த் திருமுறை பாட, குமுடிமூலை ஆறுமுகசாமி ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அரசாணை வந்து 2008 மார்ச் 2 அன்றுதான் அவர் காவல்துறைப் பாதுகாப்போடு பாடினார். ஹங்கேரிய வில்கள் தொட்ட பாடலை உள்ளூர் அடியார் ஒருவர் உள்ளூர் மேடையில் பாட அரசு தலையிட வேண்டியிருந்தது.

இருபது ஆண்டு கழித்து, 2025 மார்ச் 8 அன்று, இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில், ராசேந்திரன் கட்டிய கோயிலில், பிரதமர் முன்னிலையில் அவர் இசை நிகழ்ச்சி நடந்தது. வீராணத்துக்கு அந்தப் பக்கம், நம் வீட்டு வாசலில் என்றே சொல்லலாம். அவனுடைய தந்தை ராசராசன் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பொறித்து வைத்தவன். அந்த மரபின் கோயிலில் பண்ணைப்புரத்தார் இசை ஒலித்தது சிறிய செய்தி அல்ல. ஆனால் நாங்கள் அதைக் கைபேசியில் பார்த்தோம். கச்சேரி இவ்வளவு அருகில் வந்தும், கேட்பவர்களின் வரிசையில் நமக்கு இடம் வரவில்லை. அதே மாதம்தான் சிதம்பரத்தில் அய்யாவின் நூற்றாண்டு நினைவரங்கம் திறக்கப்பட்டது. ஓர் அரங்கம் என்றால் அதில் இருக்கைகள் உண்டு. அந்த இருக்கைகளில் யார் அமர்ந்து எதைக் கேட்கப்போகிறார்கள் என்பதை இனி நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாத்தா இப்போது இல்லை. அவர் இறக்கி வைத்த பறை எங்கே போயிற்று என்று அவர் இருந்தபோது நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். குமராட்சி ஒன்றியத்தின் ஒவ்வொரு தெருவிலும் மைக் செட் வைத்திருந்தவர், பேண்டில் ஊதியவர், திருவிழாக் கச்சேரியில் பாடியவர், கடைசியாகப் பறையை இறக்கி வைத்தவர் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். என்ன வாசித்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை மாற்றாமல் எழுதுங்கள்.