பரண்மேல் கிடக்கும் வரலாறு

சென்னையில் ஒரு புத்தகக் கடையின் மாடி. இருபது நாற்காலி. நம் எழுத்தாளர்கள் இருவர் தங்கள் புதிய கட்டுரைத் தொகுப்புகளைப் பற்றிப் பேசினார்கள். இருவரும் சிறுபத்திரிகைகளிலேயே எழுதி வளர்ந்தவர்கள். அண்ணன் தன் பழைய கட்டுரைகளைத் திருத்திப் போட்டிருக்கிறார். அக்கா ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஆண்டைக் குறித்திருக்கிறார்.

"தப்பா எழுதினதத் தப்பாவே விட்டுடறதாம்மா?" என்றார் அண்ணன்.

"கீழ குறிப்புல சொல்லுங்கண்ணே. மேலயே திருத்திட்டா, அன்னிக்கு நாம எதுக்குக் கோபப்பட்டோம்னு பிள்ளைங்களுக்குத் தெரியாமப் போயிடும். நீங்க திருத்தவாவது கையில இருக்கு. என் கட்டுரை ரெண்டு கெடைக்கவே இல்ல. பத்திரிகை நடத்தினவர்கிட்டயே இல்ல."

இந்த இழப்பு நமக்குப் புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கி, 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அது 'தமிழன்' ஆனது. 1914இல் மறையும்வரை பௌத்தம், சாதி, வரலாறு, சுதேசி அரசியல் என்று அதில் எழுதிக் குவித்தார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெருந்தொகுதிகளாக வந்தது 1999இல். 85 ஆண்டுகள்! இருட்டடிப்பு என்கிறோம். உண்மைதான். ஆனால் இருட்டடிப்பையும் மீறி அது பிழைத்தது எப்படி? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துக் காத்து வைத்தார்கள். அதனால்தான்.

இனி என் கதை. அப்பா சந்தா கட்டி வாங்கிய இதழ்களைச் சணலால் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தார். அவர் இறந்த மறுவருஷம் வீடு மாற்றும்போது, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டது நான்தான். ஒரு கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆதிக்க சாதிக்காரன் எவனும் வந்து எரிக்கவில்லை. தராசைப் பிடித்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, கிடைக்காத கட்டுரைகள் எந்த இதழில் வந்தன என்று அக்காவைக் கேட்டேன். பெயரைச் சொன்னார். அப்பாவின் கட்டுகளில் மேலாக இருந்தது அந்த இதழ்தான். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பரண் இருக்கும். வெள்ளையடிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை ஏறிப் பாருங்க.